சாயாத தராசு

அனுசுயாவுக்குக் கோபம் மூக்கின் நுனியில் குடியிருக்கிறது என்பது கள்ளிக்குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும், தண்ணீர் கேன் போடுகிறவருக்குத் தெரியும், ஷேர் ஆட்டோக்காரர்கள் அத்தனை பேருக்கும் நன்றாகவே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் முகத்துக்கு நேராக அனுசுயாக்கா, முதுகுக்குப் பின்னால் மொளகா. அதுவும் அவள் காதுக்கு வந்துவிட்டது. "மொளகா இல்லாம கொயம்பு வச்சுத் துன்னுங்கடா பாக்கலாம்" என்று ஒரு நாள் கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

ஆனால் அது காரணமில்லாத கோபம் என்று யாரும் சொன்னதில்லை. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் அவள் ஒரு கண்ணாடி பீரோவைச் சொல்வாள். அவள் ஏழாம் வகுப்பு படித்தபோது தலைமை ஆசிரியர் அறையில் அது இருந்தது. உள்ளே ஒரு மைக்ராஸ்கோப். வருஷம் பூராவும் துணி போர்த்திக்கொண்டு பூட்டிய பீரோவுக்குள் உட்கார்ந்திருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் மட்டும் துடைத்து மேஜைமேல் வைப்பார்கள். அதிகாரி காபி குடித்துவிட்டுக் கிளம்பியதும் அது திரும்ப உள்ளே போய்விடும். வெங்காயத் தோலை அதில் வைத்துப் பார்த்தால் செங்கல் அடுக்கிய மாதிரி தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அனுசுயா ஒரு வெங்காயத் தோலைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு போய், இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று அந்த மேஜைப் பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய கையிலேயே அடி விழுந்தது. "ஒடஞ்சா உங்கப்பனா வந்து குடுப்பான்?" என்றார் ஆசிரியர். அவள் அப்பா அய்யாசாமி அப்போது கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அவரால் கொடுத்திருக்க முடியாதுதான்.

பரீட்சையில் வெங்காயத் தோலின் படம் கேட்டார்கள். புத்தகத்தில் இருந்ததைப் பார்த்துப் பழகியபடியே வரைந்து வைத்தாள். முழு மார்க் போட்டார்கள். பார்க்கவே விடாத ஒன்றுக்கு முழு மார்க்! அந்த விடைத்தாளைக் கையில் வாங்கியபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்பாள் அனுசுயா.

பத்தாவதோடு படிப்பு முடிந்தது. எஸ்டேட்டுக்கு வந்தாள். பம்ப் மோட்டாருக்குள் போகிற பித்தளை வளையம் செய்கிற சின்னக் கம்பெனி. அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். வளையத்தின் துளைக்குள் கேஜ் என்கிற இரும்புக் குச்சியின் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் கழிவு, போகக் கூடாதது போனாலும் கழிவு. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. குச்சி யார் முகத்தையும் பார்க்காது.

பிடிக்காத ஒன்றும் அங்கே இருந்தது. சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவார்கள். வருவதற்கு முந்தின நாள் தரைக்கு மஞ்சள் கோடு போடுவார்கள், ஓடாத மெஷினுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், சூப்பர்வைசர் கோவிந்தராஜ் பூட்டு போட்ட டிராயரிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் டேபிளில் வைப்பார். அதில் இருப்பதெல்லாம் பொறுக்கி எடுத்த நல்ல வளையங்கள். வந்தவர்கள் எதிரே நிற்க, அனுசுயா அவற்றையே அளந்து, அவற்றையே நல்ல பெட்டியில் போட வேண்டும். காட்டுற தட்டு என்று அதற்குப் பெயரே உண்டு. முதல் தடவை அவள் முறைத்தாள். "ஊர்ல இல்லாததா? எல்லா கம்பெனிலயும் இப்டித்தான்மா" என்றார் கோவிந்தராஜ். பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தாள். பிறகு பல்லைக் கடிக்காமலும் அளக்கப் பழகிவிட்டது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கும் வேன் டிரைவர் பாண்டியனுக்கும் ஒரே பெண், கவிப்பிரியா. நாலாம் வகுப்பு. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தனியார் பள்ளி. கணக்கு பீரியட் என்றால் அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்துவிடும். உண்மையாகவே வலிக்கும், நடிப்பு இல்லை. மூன்றாம் வகுப்பு மிஸ் "உங்க பொண்ணு கொஞ்சம் டல்லு" என்று சொன்ன அன்று அனுசுயா அந்த வராந்தாவில் போட்ட சத்தத்தில் மணி அடிக்காமலேயே பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள்.

நாலாம் வகுப்புக்கு ஃபெபி மிஸ் வந்தாள். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வருகிற சின்னப் பெண். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவாள். வராந்தாவை ஆளுக்கு ஆள் காலடியால் அளக்கச் சொல்வாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை வந்து பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். அப்புறம்தான் ஸ்கேல் எதற்கு என்று பேச்சை எடுப்பாள். வாளித் தண்ணீரில் எது மிதக்கும், எது முங்கும் என்று முதலில் பந்தயம் கட்டச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்வாள். "மொதல்ல நீ பாரு. புக்கு என்ன சொல்லுதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை. கவிப்பிரியாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் வயிற்றுவலி வரவில்லை. கொஞ்ச நாளில் மற்ற நாட்களிலும் நின்றுபோனது.

நல்லது நடந்தால் சும்மா விடுவார்களா? பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் புகார் கிளம்பியது. வெள்ளிக்கிழமை நோட்டில் ஒரு வரியும் இல்லையாம். ஃபீஸ் கட்டுவது வாளியில் கல் போடவா என்று ஒருவர். பக்கத்துப் பள்ளியில் இந்நேரம் எல்லாப் பாடமும் முடித்துத் திருப்புதலே ஆரம்பித்துவிட்டார்கள் என்று இன்னொருவர். அனுசுயா தட்டச்சு செய்யவில்லை. நேராக வாய்ஸ் மெசேஜ். "நோட்டு ரொம்பி இன்னா பண்ணப்போறீங்க, எடைக்குப் போடப்போறீங்களா? எம்பொண்ணு இப்பத்தான் கணக்குன்னா சிரிக்குது. அத்தக் கெடுத்தீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்." குழு அன்று முழுக்க அமைதியாகக் கிடந்தது.

பள்ளியின் கரஸ்பாண்டன்ட் ஞானசேகரன் அமைதியாக இல்லை. வெளியிலிருந்து, அபாகஸ் என்கிற மணிக்கணக்கு வகுப்பு நடத்துகிற கம்பெனிக்காரர்கள் அதே வெள்ளிக்கிழமை மத்தியானத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் ஃபெபி மிஸ்ஸைக் கூப்பிட்டு ஒரு முடிவு சொன்னார். வருஷக் கடைசியில் அறிவியல் கணிதக் கண்காட்சி. அதில் நாலாம் வகுப்பும் தன் வேலையை வைக்கட்டும். நடுவருக்கும் பெற்றோர்களுக்கும் பிடித்திருந்தால் அடுத்த வருஷமும் வெள்ளிக்கிழமை வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் அபாகஸ். இதைக் கவிப்பிரியா வீட்டில் வந்து சொன்னபோது அனுசுயா பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். "நீ இன்னா செய்யப்போற?" என்றாள் மகளிடம்.

"தராசு" என்றாள் கவிப்பிரியா.

தராசை அவளேதான் செய்தாள். மர ஸ்கேலின் நடுவில் ஒரு துளை. அதைக் கட்டையில் அடித்த ஆணியில் மாட்டி, இரண்டு முனையிலும் நூலில் கொட்டாங்குச்சி. பாண்டியன் ஆணி அடித்ததோடு சரி. தொங்கவிட்டதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எந்த இரண்டு கொட்டாங்குச்சி ஒரே கனத்தில் இருக்கும்? இலேசான கொட்டாங்குச்சியின் அடியில் கவிப்பிரியா துளிச் சப்பாத்தி மாவை ஒட்டினாள். ஸ்கேல் நேராக நின்றது. மறுநாள் பார்த்தால் மறுபடி சாய்ந்திருந்தது. மாவு காய்ந்திருந்தது. "அம்மா, மாவுல இருந்த தண்ணி போயிருச்சும்மா, அதான் கனம் கொறஞ்சிகீது" என்று அடுப்படிக்கு ஓடிவந்து சொன்னாள். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துளி மாவு வைத்துத் தராசை நேராக்குவது ஒரு வேலையாகிவிட்டது.

எடைக்கல்லுக்கு முதலில் புளியங்கொட்டை. அது ஒன்று போல ஒன்று இல்லை என்று அவளே கண்டுபிடித்துத் தூக்கிப்போட்டாள். அப்புறம் தண்ணீர் கேன் மூடிகள். எல்லாம் ஒரே கனம். தெருவில் அத்தனை வீட்டிலும் கேட்டு வாங்கி வந்தாள். ரப்பர், ஸ்பூன், அம்மாவின் கொலுசு, அப்பாவின் வேன் சாவி எல்லாமே எத்தனை மூடி என்று நிறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் சாக்பீஸ் துண்டு ஒன்று கைதவறித் தண்ணீர்க் குவளைக்குள் விழுந்தது. துடைத்து, முன்பு அதற்குச் சமமாக நின்ற மூடிகளுக்கு எதிரே வைத்தபோது அந்தப் பக்கம் இறங்கியது. இன்னொரு துண்டை நனைத்துப் பார்த்தாள். அதுவும் இறங்கியது. ரப்பரை நனைத்துப் பார்த்தாள். இறங்கவில்லை. "சாக்பீஸ் தண்ணி குடிக்குதும்மா!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அனுசுயா ஈரக்கையோடு வந்து பார்த்தாள். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளைத் துண்டு, தராசில் வைத்ததும் தன்னைக் காட்டிக்கொடுத்தது. தனக்குக் கிடைக்காத மைக்ராஸ்கோப் இப்போது கொட்டாங்குச்சி உருவத்தில் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மகளைக் கட்டிக்கொண்டு ஒரு முத்தம் கொடுத்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, பொருளை வைக்க மகளோடு போனாள். ஹாலின் வாசலில் பெரிய பேனர். தொடு, செய், கற்றுக்கொள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே போனால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அட்டை. தொடாதீர்கள். அனுசுயா பேனரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஜைகள்மேல் தெர்மாகோல் சூரியக் குடும்பம், பல்பு எரிகிற இதயம், பஞ்சுப் புகை கக்குகிற எரிமலை. எல்லாம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஆர்டர் கொடுத்து வாங்கியவை. அந்தக் கடை வாசலில் அவளே பார்த்திருக்கிறாள், சனி கிரகங்கள் வரிசையாகக் கயிற்றில் தொங்கும். பின்னால் நின்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு "குட்மார்னிங் ஒன் அண்ட் ஆல்" என்று ஒப்பித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்கூடத் தங்கள் மேஜையில் இருந்ததைத் தொடவில்லை.

அந்த வரிசையில் கொட்டாங்குச்சித் தராசை வைத்ததும் அனுசுயாவுக்கே என்னவோ போல் இருந்தது. அதுவும் அந்நேரம் பார்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாவு காய்ந்திருந்தது. ஞானசேகரன் மேற்பார்வைக்கு வந்தார். நின்றார். சிரித்தார். "என்ன மிஸ் இது, மீன் கடையா? அதுவும் சாஞ்சுகிட்டு நிக்குது" என்றார். கூட வந்த இரண்டு அப்பாக்களும் சிரித்தார்கள். "நாளைக்கு நடுவர் எதிர்ல இப்படி நின்னுதுன்னா அவ்ளோதான், சொல்லிட்டேன்."

"சாயட்டும் சார். சாயுறதாலதான் அது தராசு" என்றாள் ஃபெபி மிஸ்.

அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மிஸ் சொன்னது அனுசுயாவின் காதிலும் விழுந்தது, ஆனால் அந்தச் சிரிப்பு அதைவிட ஆழமாக விழுந்திருந்தது. கவிப்பிரியாவை மேஜையிலிருந்து பொருளை எடுக்கச் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து காலையில் கொண்டுவரலாம் என்றாள். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. கடையில் வாங்கியதை வைத்தவன் தலை நிமிர்ந்து நிற்கிறான், கையால் செய்தவளைப் பார்த்து மீன் கடை என்கிறான், இவனுங்களுக்கெல்லாம் யார் பள்ளிக்கூடம் வைக்க அனுமதி கொடுத்தது என்று பொருமிக்கொண்டே நடந்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. மறுநாள் காலையில் அவள் செய்ததுதான் தப்பு.

கவிப்பிரியா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி மாவு வைத்து நேராக்கிய தராசு, மேஜைமேல் மறுபடியும் சாய்ந்து நின்றது. அனுசுயா கொட்டாங்குச்சிக்கடியில் இருந்த அசிங்கமான மாவுக் கட்டியைப் பார்த்தாள். நேற்றைய சிரிப்பு காதில் கேட்டது. பாண்டியன் வேனுக்கு என்று வைத்திருந்த சூப்பர் க்ளூ அலமாரியில் இருந்தது. ஸ்கேலைக் கையால் நேராகப் பிடித்து, ஆணி நுழைகிற துளையில் ஒரு சொட்டு விட்டாள். விரலை எடுத்தாள். சாயவில்லை. ஆணி அடித்து இறுக்கின மாதிரி நேராக நின்றது. மாவுக் கட்டியையும் சுரண்டி எறிந்தாள். அவளுக்கு அது ஒரு தப்பாகவே தோன்றவில்லை. பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்றால் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். கை தானாகச் செய்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த கவிப்பிரியா கண்ணை விரித்தாள். "எப்டிமா நேரா நிக்குது? மாவே இல்லியே?"

"நிக்க வச்சிட்டேன். நடுவர் வர்ற வரைக்கும் தொடாத" என்றாள் அனுசுயா.

பேனரையும் மேஜைகளில் இருந்த அட்டையையும் பார்த்துவிட்டு வந்த அத்தனை கோபத்துக்குப் பிறகு, தொடாதே என்ற வார்த்தையை அவள் வாயே சொன்னது. அதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

நடுவர் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் என்றார்கள். கையில் ஃபைல். மேஜை மேஜையாக வந்தார். எரிமலைக்குத் தலையாட்டினார், இதயத்துக்குத் தலையாட்டினார். கவிப்பிரியாவின் மேஜைக்கு வந்தபோது ஞானசேகரனும் கூடவே வந்து நின்றார். அனுசுயா தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். தராசு நிமிர்ந்து நின்றதைப் பார்த்து ஞானசேகரனின் புருவம் ஏறியது. அனுசுயாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பார்த்தியா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கவிப்பிரியா பழகி வைத்திருந்தபடி செய்தாள். இரண்டு சாக்பீஸ் துண்டுகளைக் கொட்டாங்குச்சிக்கு ஒன்றாக வைத்தாள். "ரெண்டும் ஒரே கனம் சார். இப்ப ஒண்ண மட்டும் நனைக்கிறேன்." ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, திரும்ப வைத்தாள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றாள், ஒரு அதிசயத்தைக் காட்டப்போகிறவளின் சிரிப்போடு.

தராசு அசையவில்லை.

"வெரி குட்" என்றார் நடுவர். "நனைஞ்சாலும் எடை மாறாது. அதானே காட்ட வந்தே?"

"இல்ல சார்..." கவிப்பிரியா தராசைப் பார்த்தாள். "நனைஞ்சதுதான் சார் கனமா இருக்கும். சாக்பீஸ் தண்ணி குடிக்கும்."

"உன் தராசு என்ன சொல்லுது? பாத்துச் சொல்லு."

அவள் குனிந்து, ஸ்கேலின் இரண்டு முனைகளையும் பார்த்தாள். "நேரா கீது சார்."

"அப்போ?"

கவிப்பிரியா நனைந்த துண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். தெருவெல்லாம் மூடி சேர்த்து, திரும்பத் திரும்ப நனைத்து நனைத்துப் பார்த்த பெண். ஃபெபி மிஸ்ஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மிஸ்ஸும் புரியாமல் நின்றாள். "அப்ப நான்தான் தப்பா பாத்துட்டேன் போல சார்" என்றாள் சின்னக் குரலில்.

நடுவர் சிரித்துக்கொண்டே ஃபைலில் என்னவோ எழுதினார். ஞானசேகரன் "பிரமாதம்" என்றார்.

அனுசுயாவுக்கு ஏழாம் வகுப்பு விடைத்தாள் ஞாபகம் வந்தது. பார்க்காததைப் பார்த்ததாக வரைந்து அன்று அவள் முழு மார்க் வாங்கினாள். இன்று அவள் பெண், கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லிப் பாராட்டு வாங்குகிறாள். அன்றைக்குக் கையில் அடித்தவர் யாரோ. இன்றைக்கு அடித்தது யார்? மாவு தடவித் தடவி அந்தப் பிஞ்சு சேர்த்து வைத்ததை ஒரு சொட்டில் பொய்யாக்கிவிட்டாளே, பாவி! அவளுக்கு வாழ்நாளில் யார்மேலும் வராத கோபம் தன்மேலேயே வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

"எழுதாதீங்க சார். எம்பொண்ணு பாத்தது கரெக்ட்டு. இந்தத் தராசுதான் பொய் சொல்லுது."

"நீங்க யாரும்மா?"

"அவ அம்மா. நான்தான் ஒட்டுனேன். சாஞ்சுதுன்னா சிரிப்பீங்கன்னு காலைல க்ளூ போட்டு ஒட்டிட்டேன். எங்க கம்பெனில வர்றவங்களுக்குக் காட்டுறதுக்குன்னே ஒரு தட்டு வச்சிகீறாங்க சார். அத்தையே பாத்துப் பாத்து எனுக்குப் புத்தி அப்டி ஆயிருச்சு." சொல்லிக்கொண்டே ஸ்கேலைப் பிடித்து அழுத்தினாள். பிசின் படக்கென்று விட்டது. கொட்டாங்குச்சி ஒன்று மேலே போய், ஒன்று கீழே இறங்கி, மேஜையில் இடித்து நின்றது. முந்தின நாளைவிட மோசமான சாய்வு.

கவிப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெண் செய்ததைக் கேளுங்கள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸ்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, டிபன் டப்பாவில் கொண்டுவந்திருந்த மாவில் துளி கிள்ளி, இலேசான கொட்டாங்குச்சிக்கடியில் ஒட்டினாள். கொஞ்சம் போதவில்லை. இன்னும் துளி. ஸ்கேல் ஆடி ஆடி நேராக நின்றது. சாக்பீஸ்களை வைத்தாள். நனைந்த பக்கம் மெதுவாக இறங்கியது.

பக்கத்து மேஜைப் பையன் சனி கிரகத்தை அம்போ என்று விட்டுவிட்டு வந்தான். "ஏய், நானும் ஒண்ணு நனைக்கிறேன்" என்றான். இதயத்தை ஒப்பித்த பெண் வந்தாள். பிள்ளைகள் தண்ணீர்க் குவளையைச் சுற்றி முண்டியடித்தார்கள். ஒருத்தி தன் ரப்பரை நனைத்துக்கொண்டு வந்தாள், ஒருவன் தன் பிஸ்கட்டை. அந்த ஹாலில் அன்று பிள்ளைகள் கையால் தொட்ட ஒரே பொருள் அதுதான். ஞானசேகரன் மட்டும் "தொடாதீங்க, தொடாதீங்க, லைன்ல நில்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நடுவர் தராசைப் பார்க்கவில்லை. அவர் ஃபைலில் எழுதியதை அடித்துவிட்டு, பெற்றோர் உதவி, தகுதி நீக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அனுசுயா அதை எட்டிப் பார்த்தாள். "சரி சார். நான் பண்ணது தப்பு, தள்ளுங்க. அப்ப அந்த எரிமலையை எந்தப் புள்ள செஞ்சுது? தூக்கிப் பாருங்க. அடில கடை ஸ்டிக்கரைக்கூடக் கியிக்கல. அந்த இதயத்தை யாரு செஞ்சது? நான் ஒரு சொட்டு ஒட்டுனேன்னு வாயைத் தொறந்து சொன்னேன், என் பொண்ணை வெளியே தள்றீங்க. மொத்தத்தையும் வாங்கிக்கினு வந்து வாயை மூடிக்கினு நிக்கிறவங்களுக்குக் கப்பு! இன்னா நியாயம் சார் இது?"

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் சொல்லாததை நான் எப்படிம்மா எடுத்துக்க முடியும்?" என்றார். எரிமலைக்கு முதல் பரிசு. ஸ்டிக்கரோடு மேடையேறியது.

வெள்ளிக்கிழமை வகுப்பின் கதை அன்றே முடிந்தது. ரகளையில் கண்காட்சி கெட்டுவிட்டது என்று ஞானசேகரனுக்கு வருத்தம். ஃபெபி மிஸ் அவர் அறைக்குப் போய், நாலாம் வகுப்பு பிள்ளைகள் அன்று செய்ததுதான் நிஜமான கண்காட்சி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அனுசுயாவும் போய், அவள் பாணியில் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வருஷத்திலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் அபாகஸ் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது கவிப்பிரியா தராசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ரேஷன் கடை தாண்டியதும் கேட்டாள். "ஏம்மா ஒட்டுன?"

"சாஞ்சுதுன்னா சிரிப்பாங்கன்னு."

"சிரிச்சா இன்னாமா? மாவு வச்சா நேரா ஆயிருமே."

அனுசுயா, நூலில் தொங்கி ஆடிய ஒரு கொட்டாங்குச்சியைக் கையில் ஏந்திக்கொண்டாள். வீடு வரைக்கும் அதை இடிபடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அடுத்த முறை கம்பெனிக்குப் பார்வையிட ஆட்கள் வந்தபோது கோவிந்தராஜ் வழக்கம்போல் தட்டோடு வந்தார். "இது வாணாம் சார். மெஷின்லருந்து இன்னா வருதோ அத்தயே அளக்குறேன். கழிவு வந்தா வரட்டும்" என்றாள். அவர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தட்டை வேறொரு பெண்ணின் டேபிளில் வைத்துவிட்டு அனுசுயாவைப் பேக்கிங்குக்கு அனுப்பினார். இன்றைக்கும் பார்வையிட ஆள் வருகிற நாளெல்லாம் அவளுக்குப் பேக்கிங்தான். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கோவிந்தராஜைத் திட்டுவாள். அவர் காதில் விழுகிற மாதிரிதான் திட்டுவாள்.

தராசு இப்போதும் வீட்டில் இருக்கிறது. கவிப்பிரியா ஐந்தாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை அபாகஸ் மணிகளைத் தள்ளிவிட்டு வந்து, சனிக்கிழமை இஷ்டத்துக்கு எதையாவது நிறுத்துக்கொண்டிருப்பாள். போன வாரம் பஞ்சை நனைத்தாள், செங்கல் துண்டை நனைத்தாள். அனுசுயா காய்கறி நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். எதையும் வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு காரியம் செய்கிறாள். விரலால் ஸ்கேலின் முனையை இலேசாகத் தட்டி, அது ஆடி நிற்கிற வரைக்கும் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் செய்கிறாள். சொல்லிக்கொடுத்தது யாராக இருக்கும் என்று நினைத்து, "இன்னாடி அது, புதுசா தட்டித் தட்டிப் பாக்குற? மிஸ் சொல்லிக்குடுத்தாங்களா?" என்று அனுசுயா கேட்டாள்.

"இல்லமா" என்றாள் கவிப்பிரியா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒட்டிகீதான்னு பாக்குறேன்."